மலைப்பள்ளியின் மதிப்பெண் யாருக்கு?

ஆண்டுதோறும் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நம் ஊர்களில் ஒரே பேச்சாக இருக்கும். எந்தப் பள்ளி நூற்றுக்கு நூறு பெற்றது, எந்தப் பள்ளி சறுக்கியது, யார் வீட்டுப் பிள்ளை முதலிடம் என்று திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கையிலும் பேசிக்கொள்கின்றோம். இந்தப் பேச்சு பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. அந்தப் பிள்ளைகள் ஏறிவந்த நடுப்படியாகிய நடுநிலைப்பள்ளியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. படியில் சறுக்கி விழுந்தவர்களின் பெயர் முடிவுப் பட்டியலில் வருவதில்லை. ஆகவே அவர்களைப் பற்றிப் பேசவும் வாய்ப்பில்லை.

சிற்றூர் ஒன்றின் பொது நடுநிலைப்பள்ளி தன் கடமையைச் செவ்வனே ஆற்றியதா என்பதை எதைக்கொண்டு அளப்பது? அது குறைவுபட்டிருந்தால் அக்குறை யாருடைய கணக்கில் எழுதப்பட வேண்டும்? பார்வைக்குக் கல்வித்துறையின் வினாக்களாகத் தோன்றும் இவை உண்மையில் அறநெறி சார்ந்த வினாக்கள். ஏற்காட்டையும் சேர்வராயன் மலையையும் கண்முன் நிறுத்தி இவற்றைச் சிந்திக்க விழைகின்றோம்.

ஒரே மலை, இருவகைப் பள்ளிகள்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு வந்துவிடும். 1820-களில் சேலம் ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பியை அறிமுகம் செய்தார். தோட்டங்கள் பெருகின. குளிர்ந்த மலைக் காற்றை நாடிப் பள்ளிகளும் வந்தன. 1894-இல் இயேசுவின் திரு இருதயப் பெயரால் கன்னியர் தொடங்கிய பள்ளியும், 1917-இல் புனித கபிரியேல் மொன்போர்ட் சகோதரர்கள் தொடங்கிய மொன்போர்ட் பள்ளியும் இம்மலையின் பெயரை நாடெங்கும் அறியச் செய்தன. தொலைதூர நகரங்களிலிருந்து பெற்றோர் தம் மக்களை இங்கு விடுதியில் சேர்த்துப் படிக்கவைத்தனர். ‘ஏற்காட்டில் படித்தவர்’ என்பது ஒரு தகுதியாகவே பேசப்பட்டது.

அதே மலையில் நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம், செம்மநத்தம் என ஊர்கள் பரந்து கிடக்கின்றன. அங்கு வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். கேரள மக்களோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மலையை ஆளுபவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயருக்குரியோர் பேசுவது தமிழே. தோட்டங்களில் காப்பிப் பழம் பறிப்பதும், மிளகுக் கொடி பராமரிப்பதும், தம் சிறு நிலத்தில் பயிரிடுவதும் இவர்கள் வாழ்வு. தோட்ட வேலைக்காகச் சமவெளியிலிருந்து வந்து குடியேறியோரும் உண்டு. இவர்களுடைய பிள்ளைகள் செல்வது ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கும் நடுநிலைப்பள்ளிக்கும், பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும்.

ஒரே மழையில் நனையும் இருவகைப் பள்ளிகள் இவை. இவற்றை அருகருகே வைத்து, ‘அங்கே ஆங்கிலம் எப்படிப் பேசுகிறார்கள், இங்கே ஏன் தமிழே வரவில்லை’ என்று கேட்பது எளிது. ஆனால் ஒப்பிடும் முன்னர், ஒப்பிடத்தக்கவற்றைத்தான் ஒப்பிடுகின்றோமா என்று கேட்பது அறிவுடையோர் கடமை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமை வழங்கும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கலாகாது என்று அது விதித்தது. 2019-இல் மைய அரசு அவ்விதியைத் திருத்தி, ஐந்தாம் எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. தமிழகத்திலும் அவ்வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. கடும் எதிர்ப்பு எழவே, 2020 பிப்ரவரியில் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 2024 டிசம்பரில் மைய அரசு தன் பள்ளிகளில் நிறுத்திவைக்கும் முறையைக் கொண்டுவந்தபோதும், தமிழக அரசு தன் பழைய நிலையையே உறுதிசெய்தது.

இந்நிலைப்பாடு சரியென்றே நாம் கருதுகின்றோம். பத்து வயதுக் குழந்தையின் நெற்றியில் ‘தோல்வி’ என்று எழுதி அனுப்புவதால் அது படித்துவிடாது. பள்ளியை விட்டுத் தோட்டத்திற்குத்தான் போகும். ஆயினும் இதிலிருந்து ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். எல்லாரும் மேல்வகுப்புக்குச் செல்லும் இடத்தில் தேர்ச்சி விழுக்காடு என்பது எதையும் உணர்த்துவதில்லை. எட்டாம் வகுப்பைக் கடந்தான் என்றால் எட்டாண்டு கடந்தன என்று பொருள். எட்டாண்டுக் கல்வி உள்ளே சென்றது என்று பொருளன்று.

கற்றதை அளப்பதற்கென 2017-லும் 2021-லும் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. எட்டாம் வகுப்பும் அதில் அடங்கும். ஆனால் அவ்வாய்வு சில பள்ளிகளைத் தெரிந்தெடுத்து, முடிவை மாவட்ட வாரியாகச் சொல்வது. சேலம் மாவட்டத்தின் எண் கிடைக்கும். சேர்வராயன் மலையின் எண் அதில் கரைந்துவிடும். சேலத்துச் சித்திரை வெயிலையும் ஏற்காட்டு மார்கழிக் குளிரையும் கூட்டி வகுத்துச் சராசரி வெப்பம் கண்டால், அந்த எண் கணக்கில் பிழையற்றதாயிருக்கும். ஆனால் அதைக் கொண்டு சேலத்தானுக்குக் குடையும் கிடைக்காது, ஏற்காட்டானுக்குக் கம்பளியும் கிடைக்காது. சராசரியில் முதலில் மறைந்துபோகிறவன் எப்போதும் ஓரத்தில் நிற்பவனே.

அன்றியும், வகுப்பறையின் உள்ளே நிகழ்வதை எண்கள் காட்டுவதில்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவுகோற்படி, ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்குள் உள்ள பள்ளிக்கு ஆசிரியர் இருவர். இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்புகள்! நகரப் பள்ளியில் ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பை மணிக்கணக்கில் நடத்துகையில், மலைப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரே அறையில் மூன்று வகுப்புகளுக்கு மாறி மாறிப் பாடம் சொல்கின்றார். ஒரு வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற இரண்டும் காத்திருக்கும். பிள்ளைகள் குறைவு என்பதால் ஆசிரியரும் குறைவு, கணக்குச் சரி. ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் நேரம்?

ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளை வாசிக்கக் கற்கின்றது; ஆறாம் வகுப்பிலிருந்து வாசித்துக் கற்கின்றது. முதல் ஐந்தாண்டில் வாசிப்பு கைகூடாத பிள்ளைக்கு ஆறாம் வகுப்பின் அறிவியல் நூலும் வரலாற்று நூலும் பூட்டிய கதவுகளே. திறவுகோல் கையில் இல்லை என்பதை அது வெளியே சொல்லாது. எழுதிப்போட்டதைப் பார்த்து எழுதும், தலையாட்டும், பின்வரிசைக்கு நகரும். காப்பிப் பழம் சிவக்கும் பருவத்தில் தாயும் தந்தையும் விடியுமுன் வேலைக்குச் செல்கையில், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்துவிடுவதும் அந்தப் பிள்ளையே. பொது நடுநிலைப்பள்ளியின் உண்மையான தேர்வு இந்த இடத்தில்தான் நடக்கின்றது. ஒருவரும் மேற்பார்வையிடாத தேர்வு அது.

தாலந்துகளின் கணக்கு

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஐந்து பெற்றவன் இன்னும் ஐந்து ஈட்டினான். இரண்டு பெற்றவன் இன்னும் இரண்டு ஈட்டினான். தலைவன் இருவரையும் பாராட்டுகின்றான். இருவருக்கும் கூறிய பாராட்டு சொல்லுக்குச் சொல் ஒன்றே என்பதைக் கவனிக்கத் தவறுகின்றோம். பத்தும் நான்கும் அவன் முன் அடுக்கப்பட்டிருந்தன. அவன் அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிடவில்லை. ஒவ்வொருவனும் எங்கே தொடங்கினான், எங்கே வந்து சேர்ந்தான் என்பதையே நோக்கினான்.

பள்ளிகளை அளப்பதற்கும் இது நேர்மையான அளவுகோல். வீட்டில் நூல்களும், படித்த பெற்றோரும், தனிப்பயிற்சியும் வாய்த்த பிள்ளை தொண்ணூறு பெறுவதில் பள்ளியின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு? தன் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறியும் பிள்ளையை ஐம்பதுக்குக் கொண்டுவந்த ஆசிரியர், தொண்ணூறு எடுத்த பிள்ளையின் ஆசிரியரைவிடக் கூடுதலாக உழைத்திருக்கவும் கூடும். முடிவுப் பட்டியல் அதை அறியாது, ஆண்டவர் அறிவார்.

இங்கே ஒரு கண்ணியும் இருக்கின்றது. ‘பாவம், மலைப் பிள்ளைகள், இவ்வளவு வந்ததே பெரிது’ என்று சொல்லி அமைதி அடைவது அன்பைப் போலத் தோன்றும். உண்மையில் அது இகழ்ச்சியின் மென்மையான முகம். உவமையின் மூன்றாம் பணியாளன் தாலந்தைத் திருடவில்லை, செலவழிக்கவில்லை, பத்திரமாகப் புதைத்துவைத்தான். எட்டாண்டுகள் பிள்ளையைப் பெஞ்சில் பத்திரமாக உட்காரவைத்து, உணவிட்டு, சீருடை கொடுத்து, வாசிக்கக் கற்பிக்காமல் அனுப்பும் சமூகமும் தாலந்தைப் புதைத்துத்தான் வைக்கின்றது. பிள்ளையின் மேல் நம்பிக்கை இல்லாமற்போவதே அங்கே மண்.

எனவே அளவுகோல் இரண்டு வேண்டும். ஒன்று, எல்லாப் பிள்ளைக்கும் பொதுவான அடித்தளம்: தாய்மொழியில் பிழையின்றி வாசிப்பது, எண்ணியதை எழுதுவது, அன்றாடக் கணக்கைச் செய்வது. இதில் மலைக்கொரு நீதி, சமவெளிக்கொரு நீதி கிடையாது. மற்றொன்று வளர்ச்சி: தொடங்கிய இடத்திலிருந்து பிள்ளை எவ்வளவு தொலைவு வந்தது என்பது. முதல் அளவுகோலை விட்டால் சலுகை என்ற பெயரில் அநீதி புகும். இரண்டாவதை விட்டால் ஒப்பீடு என்ற பெயரில் அது புகும்.

மற்றொரு மலையின் பங்குத்தந்தை

மலை, பள்ளி, பங்குத்தந்தை ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய வரலாறு ஒன்று இங்கு நினைவுக்கு வருகின்றது. இத்தாலியில் பிளாரன்ஸ் நகருக்கு வடக்கேயுள்ள மலைப்பகுதியில் பார்பியானா என்ற சிற்றூர் உண்டு. 1954 டிசம்பரில் லொரென்சோ மிலானி என்னும் இளங்குரு அங்கு அனுப்பப்பட்டார். செல்வக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். அங்கே அவர் கண்டது சிதறிக் கிடந்த சில வீடுகளையும், அரசுப் பள்ளி கைவிட்ட உழவர் பிள்ளைகளையும். தம் இல்லத்திலேயே பள்ளி தொடங்கினார். விடுமுறை கிடையாது, கற்றவன் கல்லாதவனுக்குக் கற்பிப்பான், பின்தங்கிய ஒருவன் புரிந்துகொள்ளும்வரை மற்றவர் அவனுக்காக நிற்பர்.

1962-இல் இத்தாலி, 11 முதல் 14 வயது வரையுள்ள எல்லாருக்கும் பொதுவான நடுநிலைப்பள்ளியைச் சட்டமாக்கியது. கதவு அனைவருக்கும் திறந்ததே என்று நாடு மகிழ்ந்தது. உள்ளே சென்றவர்களுள் யார் வெளியே தள்ளப்படுகின்றனர் என்று கேட்டவர்கள் பார்பியானாவின் மாணவர்கள். புள்ளிவிவரங்களைத் தாமே திரட்டி, தோல்வியுற்ற பிள்ளைகளின் தந்தையர் என்ன தொழில் செய்கின்றனர் என்று கணக்கெடுத்தனர். ஏழை உழவரின் பிள்ளைகளே பெருந்தொகையாகக் கழிக்கப்பட்டது தெரிந்தது. அதை ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்னும் நூலாக 1967-இல் ஒன்றுகூடி எழுதி வெளியிட்டனர். அதே ஆண்டு ஜூன் 26 அன்று, தம் 44-ஆம் வயதில், மிலானி இறைவனடி சேர்ந்தார். 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அம்மலைக்குச் சென்று அவரது கல்லறையில் செபித்தார்.

அந்நூலில் ஆசிரியர்கள் மேல் காட்டப்பட்ட சினத்தை நாம் முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. நம் மலைகளில் பேருந்து வராத நாளிலும் நடந்து சென்று பாடம் நடத்தும் ஆசிரியர்கள் உள்ளனர். ஆனால் அப்பிள்ளைகள் கேட்ட வினா நமக்கும் உரியது. பள்ளியின் கதவு திறந்திருக்கின்றதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை; அதன் வழியே இறுதிவரை நடந்து வெளிவருபவர் யாருடைய மக்கள் என்று கேட்டனர்.

இரக்கமா, நீதியா?

இனி நம் பக்கம் திரும்புவோம். கத்தோலிக்கர்களாகிய நாம் கல்வியில் முன்னோடிகள் என்று பெருமை கொள்கின்றோம். அப்பெருமைக்குக் காரணமும் உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபரில் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பொருள் வளம் குன்றியோர், குடும்ப ஆதரவு அற்றோர் ஆகியோர்பால் தனிக் கவனம் வேண்டும் என்று பள்ளிகளைக் கேட்டுக்கொண்டது.

கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகளின் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கின்றது. 2014 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மையினர் பள்ளிகளை இச்சட்டத்திலிருந்து விலக்கியது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பு மறுபடி ஆராயப்பட வேண்டுமெனக் கருதித் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பினர். சிறுபான்மையினரின் உரிமை விலைமதிப்பற்றது. அதை எளிதாக விட்டுக்கொடுக்கச் சொல்பவர் வரலாறு அறியாதவர். ஆயினும் உரிமை என்பது வெளியார் தலையீட்டைத் தடுக்கும் கேடயம். நம் மனச்சான்றின் குரலையும் தடுக்க அதை உயர்த்திப் பிடிப்பது முறையாகாது. சட்டம் கேளாததை நற்செய்தி நம்மிடம் கேட்கலாம்.

‘உதவித்தொகை தருகின்றோமே, நோட்டுப் புத்தகம் வழங்குகின்றோமே’ என்று சிலர் கூறுவர். நன்று. ஆனால் புனித தாமஸ் அக்குவினாஸ் தெளிவாக்கியபடி, ஒருவனுக்கு உரியதை அவனுக்குக் கொடுப்பது நீதி. பொதுவானவற்றைப் பங்கிடும் நீதியில், எல்லாருக்கும் ஒரே அளவு என்ற எண்கணிதச் சமன்மை போதாது. பெறுபவருக்குத் தக்க விகிதம் வேண்டும் என்பதும் அவர் போதனை. அதை நம் சூழலுக்கு விரித்தால், முதல் தலைமுறையாகப் படிக்கும் மலைப்பிள்ளைக்கு நகரப் பிள்ளையைவிடக் கூடுதல் ஆசிரியரும் கூடுதல் நேரமும் தருவது சலுகையன்று. பங்கீட்டில் அவனுக்கு உரியது.

தமிழகத்துப் பள்ளி உணவின் வரலாறே இதற்குச் சான்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு தொடங்கியபோது ஊரார் கொடுத்த தானியமும் காசும் துணைநின்றன. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் மதிய உணவைச் சட்டப்படியான உரிமையாக்கியது. 2022-இல் தமிழகத்தில் காலை உணவும் வந்தது. இரக்கத்தில் விதைத்தது நீதியில் விளைந்தது. வயிற்றுக்கு உரியதை ஒப்புக்கொண்ட நாம், வாசிப்புக்கு உரியதையும் அவ்வாறே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொதுநிலையினரின் பங்கு

மலைப்பள்ளி பின்தங்கினால் ஆசிரியர் பெற்றோரைக் குறை கூறுவர், பெற்றோர் ஆசிரியரை, இருவரும் அரசை. ஒவ்வொரு குற்றச்சாட்டிலும் ஒரு துளி உண்மை உண்டு. ஆனால் இந்த வழக்கில் ஒருபோதும் கூண்டில் ஏற்றப்படாதவர் ஒருவர் இருக்கின்றார்: தம் பிள்ளை அங்குப் படிக்கவில்லை என்பதால் அப்பள்ளியைக் கடந்து போகும் ஊரார். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டவனைக் கடந்து சென்றவர்கள் கள்வர்களல்லர், மதிப்பிற்குரியவர்கள். ஊரில் குரல் உள்ளவர்களின் பிள்ளைகள் பொதுப்பள்ளியிலிருந்து விலகியபோது, அப்பள்ளிக்காகக் கேட்கும் குரலும் விலகிவிட்டது. பாடவேளையில் ஆசிரியர் வேறு பணிக்கு அனுப்பப்பட்டால் கேட்பார் இல்லை. பணியிடம் காலியாகக் கிடந்தாலும் கேட்பார் இல்லை.

நம்மவரில் பலர் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளையைப் பின்வரிசையில் தேடிக் கண்டுபிடித்து, நாள்தோறும் கால் மணி நேரம் அவனுக்கென ஒதுக்கும் ஆசிரியர், தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிச் சென்ற ஆயனின் பணியில் பங்குபெறுகின்றார். நம்மவரில் சிலர் தோட்டம் வைத்திருப்போர். பறிப்புக் காலத்தில் தொழிலாளரின் பச்சிளங் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் ஓர் ஆயாவும் ஏற்பாடு செய்தால், ஒரு மூத்த பெண்பிள்ளை பள்ளிக்குப் போவாள். கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்குத் தந்துள்ளது. கூட்டத்தில் எழுந்து பேச அஞ்சும் பழங்குடித் தாய்க்கு அருகில் அமர்ந்து துணிவு தரக் கூடியவர்கள் நம் மரியாயின் சேனையிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் இருக்கின்றார்கள். மாலை வேளையில் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபங்களில் ஒரு விளக்கும் நாற்பது கதைப் புத்தகங்களும் இருந்தால் வாசிப்புக்கு ஓர் இல்லம் கிடைக்கும். அங்கே சாதியும் சமயமும் கேட்கப்படலாகாது.

பெயர்பெற்ற நம் விடுதிப் பள்ளிகளும் அருகிலுள்ள மலைப்பள்ளியைத் தம் உடன்பிறப்பாகக் கொள்ளலாம். நூலகத்தையும் அறிவியல் கூடத்தையும் வாரத்தில் ஒருநாள் திறந்துவிட்டால், இரு பக்கத்துப் பிள்ளைகளுமே கற்பார்கள். காப்பிச் செடியின் நோயையும் மழையின் வரவையும் காட்டின் வழியையும் அறிந்த மலைப்பிள்ளை, நகரத்துப் பிள்ளைக்குச் சொல்லித்தர ஏராளம் உண்டு. கொடுப்பவர் பெறவும், பெறுபவர் கொடுக்கவும் இடமிருந்தால்தான் அது தோழமை.

தீர்ப்பு நாளைப் பற்றிய உவமையில் அரசர் மக்களிடம் அவர்தம் வெற்றிகளைக் கேட்கவில்லை. மிகச் சிறியோராகிய தம் சகோதரருக்கு என்ன செய்தீர்கள் என்றே கேட்டார். சேர்வராயன் மலையின் நடுநிலைப்பள்ளி ஒன்றில் இன்று ஆறாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடிய இன்னும் மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான காலமே உண்டு. அதற்குள் அது வாசிக்கக் கற்றுவிட்டால், மதிப்பெண் அதற்கு. கல்லாமல் வெளியேறினால், அந்தச் சுழியம் நம் எல்லாருடைய பெயருக்கும் நேராக எழுதப்படும்.